கோலத்துக்கும் இடம் விட்ட கான்கிரீட் வாசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முன்வாசல், முற்றம், கொல்லை ஆகிய திறந்தவெளிகளில் போடப்படும் அலங்காரக் கான்கிரீட் தளங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் தேர்ந்தெடுத்த எட்டுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கும்பகோணம் வாசகி: எங்கள் முன்வாசல் சுமார் 300 சதுர அடி. பழைய செங்கல் தளத்தை எடுத்துவிட்டு ஸ்டாம்ப்டு கான்கிரீட் (கல் வடிவ அச்சைப் பதித்து முடிக்கும் கான்கிரீட்) போட்டால் கருங்கல் பதித்தது போலவே இருக்கும் என்கிறார் ஒப்பந்தக்காரர். "மேடும் பள்ளமுமாக இருந்தால் கோலத்தை எங்கே போடுவது?" என்று கேட்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?

உங்கள் மாமியாரின் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அச்சுக் கான்கிரீட்டில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விழும் பள்ளம் கால் அங்குலம் வரை இருக்கும். அதன் மேல் புள்ளி வைத்தால் மாவு பள்ளத்தில் இறங்கிவிடும், இழை அறுந்துபோகும். தெளிக்கும் தண்ணீரும் பள்ளங்களில் தங்கி, பெருக்கினாலும் போகாத மண்ணைச் சேர்க்கும். ஆகவே, வாசற்படிக்கு நேர் எதிரே ஐந்தடிக்கு ஐந்தடியோ ஆறடிக்கு ஆறடியோ ஒரு சதுரத்தை அச்சுப் பதிக்காமல் விட்டு, அதை மணியாசுக் கட்டையால் மட்டமாகத் தேய்த்து முடிக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் கல் வடிவம் வர, நடுவில் கருஞ்சிவப்பாகவோ சாணம் மெழுகிய தரையின் நிறத்திலோ மட்டமான கோலத்தரை அமைந்தால் வாசலுக்கு அழகு கூடுமே தவிரக் குறையாது. அந்தச் சதுரத்துக்கு மட்டும், தளத்தைப் பாதுகாக்க மேலே அடிக்கும் பளபளப்பான சீலர் பூச்சு வேண்டாம். மெருகேறிய தரையில் கோலப்பொடி பிடிக்காமல் காற்றில் நகரும். கான்கிரீட்டுக்குள் ஊறி, மேலே படலம் விடாத சிலேன் வகைச் சீலரை அங்கே அடிக்கலாம்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950-களில் பிராட் போமன் என்பவர் வளர்த்தெடுத்த முறை இது. நான்கு அங்குலத் தளத்தைக் கொட்டி மட்டம் செய்ததும், கசிந்து மேலே வரும் தண்ணீர் முழுவதும் வற்றும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு வண்ணம் கலந்த, மேற்பரப்பைக் கெட்டியாக்கும் ஹார்டனர் பொடியைக் கையால் சீராகத் தூவித் தேய்த்து இறக்குவார்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ வீதம் உங்கள் வாசலுக்கு ஏறத்தாழ 84 கிலோ தேவைப்படும். இதைவிட மிகக் குறைவாக மதிப்பீட்டில் எழுதியிருந்தால், நிறம் மேலே பூசிய பூச்சாகத்தான் நிற்கும் என்று பொருள். அடுத்து, அச்சு ஒட்டாமல் இருப்பதற்கான ரிலீஸ் பொடியைத் தூவி, ரப்பர் போன்ற பாலியூரித்தேன் அச்சுகளை வரிசையாக வைத்து மிதித்தும் தட்டியும் பதிப்பார்கள்.

வேலையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது அச்சு வைக்கும் நேரம்தான். கட்டைவிரலால் தளத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். விரல் புதைந்து ஈரச் சாந்து ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒட்டாமல், கால் அங்குலத்துக்கும் குறைவான தடம் மட்டும் தெளிவாக விழுந்தால் அதுவே தருணம். தடம் விழவில்லையென்றால் தருணம் தப்பிவிட்டது. சித்திரை வெயிலில் இந்தத் தருணம் அரை மணி நேரம்கூட நீடிக்காது. எனவே 300 சதுர அடியை ஒரே வீச்சில் கொட்டுவதானால் அச்சு வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்தது நான்கு பேராவது வருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இருவர்தான் வருவார்கள் என்றால் வாசலை இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் போடுவதே நல்லது.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். மேலே கசிந்த தண்ணீர் வற்றக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அதன் மீது வெறும் சிமென்டைத் தூவி உறிஞ்ச வைத்துத் தேய்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அன்றைக்கு மாலையில் தளம் கண்ணாடி போல இருக்கும். ஓராண்டுக்குள் மேல் தோல் செதில் செதிலாக உரிந்து, பெருக்கும்போதெல்லாம் தூசி கிளம்பும். அந்தத் தோலோடு நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வண்ணமும் போய்விடும்.

மன்னார்குடி வாசகர்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டைச் சுற்றி வண்ணக் கான்கிரீட் தளம் போட்டோம். முதல் மழைக்காலத்திலேயே வெளிச்சுவரை ஒட்டி ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் இறங்கி, குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. அதோடு மேற்பரப்பு முழுவதும் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். மேலே இன்னொரு வண்ணப் பூச்சுக் கொடுத்தால் மறைந்துவிடும் என்கிறார்கள். மறையுமா?

மறையாது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வெவ்வேறு குறைகள், இரண்டுக்கும் காரணம் வேறு.

சிலந்தி வலைக் கீறல் மேல் தோலில் மட்டும் நிற்பது. கலவையில் தண்ணீர் கூடியதாலோ, வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு சட்டென்று காய்ந்ததாலோ, நீராற்றுவதில், அதாவது போட்ட தளத்தைச் சில நாட்கள் ஈரமாக வைப்பதில், குறை வைத்ததாலோ வருவது. பார்வைக்கு உறுத்தலாக இருக்குமே தவிரத் தளத்தின் பலத்தை அது பெரும்பாலும் பாதிக்காது.

விரல் நுழையும் வெடிப்பு அப்படிப்பட்டதல்ல. அது கீழே இருக்கும் மண்ணிலிருந்து வந்தது. பழைய டெல்டாவின் களிமண் எப்படிப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். அறுவடை முடிந்த வயலில் பங்குனி, சித்திரையில் நடந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்பில் கையே நுழையும். அதே வயல் தண்ணீர் கண்டதும் வெடிப்பெல்லாம் மூடிப் பொதுமிப்போகும். வீட்டைச் சுற்றியுள்ள மண்ணும் அதுதானே? ஆண்டுதோறும் சுருங்கி விரியும் மண்ணின் மேல் நான்கு அங்குலக் கான்கிரீட்டை நேரடியாகப் பரப்பினால், அது மண் போன வழியில்தான் போகும். கல்லணைக் கால்வாயும் மேட்டூர் அணையும் 1934-ல் வந்த பிறகு பாசனம் பெற்ற பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண், மணற்பாங்கான நிலங்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே நன்றாக நிற்கும் தளத்தைப் பார்த்துவிட்டு அதே அளவில் மன்னார்குடியில் போடும்போதுதான் இப்படி ஆகிறது.

ஆகவே, தளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு முதலில் மண்வேலையைச் செய்யுங்கள். சொல்வதற்குக் கசப்பாக இருந்தாலும் வேறு வழியில்லை. குறைந்தது ஒன்றரை அடி களிமண்ணை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அந்த இடத்தில் வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவல் போல ஈரத்தில் உப்பாத மண்ணை ஆறு ஆறு அங்குலமாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசுக் கட்டையாலோ இயந்திரத்தாலோ இறுக்க வேண்டும். வெறும் மணலைக் கொட்டி நிரப்புவது மலிவாகத் தோன்றும். ஆனால் சுற்றிலும் களிமண் இருக்க நடுவில் மணல் மட்டும் இருந்தால் அது தொட்டி போலத் தண்ணீரைச் சேர்த்து வைத்து அடிமண்ணை மேலும் ஊற வைக்கும். கிராவலின் மேல் மூன்று அங்குலம் ஜல்லிக் கான்கிரீட், அதற்கு மேல் நான்கு அங்குலம் சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 விகிதக் கலவை. நடுவில் 8 மி.மீ. கம்பியை எட்டு அங்குல இடைவெளியில் இரு பக்கமும் கட்டி, கவர் பிளாக் எனும் சிறு கட்டைகளை அடியில் வைத்து உயர்த்த வேண்டும். கம்பியைத் தரையில் பரப்பிவிட்டு, கொட்டும்போது கொக்கியால் இழுத்துத் தூக்கிவிடுவோம் என்று சொன்னால் ஏற்காதீர்கள். தூக்கிய கம்பியை அடுத்த சட்டிக் கலவை மீண்டும் அடியில் அமுக்கிவிடும்.

கான்கிரீட் எப்படியும் சுருங்கும். எங்கே கீற வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். நான்கு அங்குலத் தளத்தில் எட்டு முதல் பத்தடிக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, அதாவது ஓர் அங்குலத்துக்கு, போட்ட அன்றோ மறுநாள் காலைக்குள்ளோ விழ வேண்டும். மூன்று நாள் கழித்து வெட்டினால் அதற்கு முன்பே கான்கிரீட் தானாக ஓரிடத்தில் கீறியிருக்கும். அச்சு வடிவத் தளமானால் இந்த வெட்டுகளைக் கல் வரிசையின் கோட்டிலேயே கொண்டுபோகச் சொல்லலாம், கண்ணுக்குத் தெரியாது. வீட்டுச் சுவரோடு தளம் ஒட்டாமல் அரை அங்குலத் தெர்மாகோல் பட்டை கொடுங்கள். உங்கள் தளம் சுவரை ஒட்டி எழும்பியதற்கு, அந்தப் பக்கம் கூரைத் தண்ணீர் விழுந்து மண் ஊறுவதும் காரணமாக இருக்கலாம். அங்கே குழாய் வைத்துத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். தென்னை இருந்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண்ணாகவே விட்டுவிடுங்கள்.

வேதாரண்யம் வாசகர்: சிவப்பு வண்ணத் தளம் போட்ட ஒரு மாதத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. துடைத்தால் போகிறது, மீண்டும் வருகிறது. வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில்தான் கலவை போட்டோம். தண்ணீர் லேசாக உவர்க்கும்.

பூத்திருக்கும் வெள்ளையைக் கரண்டியில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கரைந்துவிட்டால் அது தண்ணீரிலோ மண்ணிலோ இருந்து வந்த உப்பு. கரையாமல் நின்று, எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தால் அது சிமென்டிலிருந்தே வந்த சுண்ணாம்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. இந்த இரண்டாம் வகை முதல் ஓராண்டில் தானாகவே குறைந்துபோகும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, தேவையென்றால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து உடனே கழுவினால் போதும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 : 2000, கலவைத் தண்ணீரில் இருக்கக்கூடிய குளோரைடின் அளவை வரையறுத்திருக்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராம்தான் எல்லை. நாக்கில் உவர்ப்புத் தெரியும் தண்ணீர் இந்த இரண்டாவது எல்லையைத் தாண்டியிருக்கலாம் என்பதால், உங்கள் தளத்தில் கம்பி இருக்குமானால் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். உப்புப் பூப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கம்பி துருப்பிடிப்பது தெரியாது. துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும்போதுதான் தெரியவரும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது இது. மழையில்லாத நாட்களில் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி அள்ளி வெளியே கொட்டிவிடுங்கள். அப்படியே தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேதான் போகும். பெருக்கிய பிறகு நல்ல தண்ணீரால் அலசலாம். பூப்பது நிற்கும் வரை மேலே படலம் விடும் சீலர் அடிக்கக் கூடாது. அடியிலிருந்து வரும் உப்பு படலத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். இனி அந்தப் பக்கத்தில் புதிதாகத் தளம் போடுபவர்கள், லாரித் தண்ணீராவது வாங்கிக் கலவை போட வேண்டும். கான்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பை, ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஒரு முழம் படியும்படி விரித்துவிட்டால் மண்ணின் உவர் மேலே ஏறுவது பெருமளவு நிற்கும்.

தஞ்சாவூர் வாசகி: சீலர் அடித்த மறுநாளே தளம் பால் ஊற்றியது போல மங்கிவிட்டது. அடித்தது ஐப்பசியில்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஈரம் இருக்கும் கான்கிரீட்டின் மேல் அக்ரிலிக் சீலர் அடித்தால், வெளியேற முடியாத நீராவி படலத்துக்கு அடியில் சிக்கி வெளுக்கும். கனமாக ஒரே பூச்சில் அடித்தாலும் இப்படி ஆகும். எங்கள் வீட்டு வாசலிலும் இதே தவறு நடந்தது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்ததைப் பார்த்து, மேலே காய்ந்திருக்கிறதே என்று நானே அடிக்கச் சொன்னேன். மேலே காய்ந்திருந்தது உண்மை, உள்ளே காயவில்லை.

தை பிறந்து ஈரம் இறங்கும் வரை பொறுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தளத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளியோ தளத்தில் கருமையோ இல்லையென்றால் காய்ந்திருக்கிறது. சால்வென்ட் (கரைப்பான்) வகைச் சீலராக இருந்தால், சைலீன் என்ற கரைப்பானை ரோலரால் மெல்லியதாகத் தடவினால் பழைய படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். பக்கத்தில் அடுப்போ பீடியோ எரியக் கூடாது. மூக்குக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும். தண்ணீர் வகைச் சீலரானால் இந்த வழி பலிக்காது, முழுவதும் நீக்கிவிட்டுத்தான் மீண்டும் அடிக்க வேண்டும்.

பாபநாசம் வாசகர்: கிணற்றடியிலிருந்து கொல்லைக் கதவு வரை போட்ட நடைபாதையில் பாசி பிடித்து, என் தகப்பனார் இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார். ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்கள்.

ஆசிட் வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பாசியோடு சிமென்டையும் கரைக்கும். மேல் தோல் கரைந்து துளை விட்ட தளத்தில் அடுத்த மழைக்குப் பாசி முன்னிலும் சீக்கிரமாகப் பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி இருபது நிமிடம் ஊறவிட்டு, தேங்காய் நார்த் துடைப்பத்தால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் நீரோடு ஆசிட்டை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஆசிட் ஊற்றிய தரை காயும் முன் இதை ஊற்றுவதும் கூடாது. இரண்டும் கலந்தால் வரும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து.

பாசி வருவது நிழலாலும் தேங்கும் தண்ணீராலும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஓடாமல் நின்றால் வாட்டம் போதவில்லை. பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது, நடப்பவர் காலுக்கும் சரிவு தெரியாது. வயதானவர்கள் நடக்கும் பாதைக்கு, எல்லா அலங்கார முடிப்புகளிலும் நான் முதலில் சொல்வது துடைப்ப முடிப்பைத்தான். மட்டம் செய்த ஈரத் தளத்தில் மெல்லிய துடைப்பத்தை நடக்கும் திசைக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு போனால் நேர் நேர் கோடாக விழும். ஓரத்தில் நான்கு அங்குலம் மட்டும் கரணையால் வழவழப்பாக விட்டால் பாய்க்குக் கரை கட்டியது போல அழகாக இருக்கும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஜல்லி தெரியும்படி மேல் சாந்தைக் கழுவி எடுக்கும் முடிப்பும் வழுக்காது. ஆனால் கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லியாக இருக்கட்டும். பெரிய கூழாங்கல் நனைந்தால் வழுக்கும், வெறுங்காலுக்கும் உறுத்தும்.

ஒரத்தநாடு வாசகர்: முற்றத்தை அலங்காரமாகப் போட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அறுவடையில் அங்கேதான் நெல் காய வைப்போம், டிராக்டரும் வரும்.

நெல் காயும் இடத்தில் பள்ளமான அச்சு வேண்டாம். ஒவ்வொரு பள்ளத்திலும் நெல் சிக்கும், கூட்டி எடுக்கும்போது மண்ணும் சேர்ந்து வரும். அடர்ந்த நிறமும் வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் கேட்கும் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் வந்தால் போதும் என்று எண்ணிக் கருப்புத் தளத்தில் பரப்பினால், நெல் மிக வேகமாகச் சூடேறிக் காய்ந்து உள்ளே அரிசியில் கீறல் விழும். அரைக்கும்போது நொய் கூடும். நடுப்பகுதியைச் சிமென்டின் இயல்பு நிறத்தில் மணியாசுக் கட்டை முடிப்பாக விட்டுவிட்டு, நான்கு ஓரங்களிலும் ஒன்றரை அடிப் பட்டைக்கு மட்டும் அச்சோ வண்ணமோ கொடுங்கள். பிள்ளைகளின் ஆசையும் நிறைவேறும். டிராக்டர் ஏறும் பகுதி ஆறு அங்குலக் கனம் இருக்க வேண்டும். அங்கே இன்டர்லாக் கல் பதிப்பதானால் 60 மி.மீ. போதாது, 80 மி.மீ. வாங்குங்கள்.

திருவாரூர் வாசகி: என் தாத்தா வீட்டுத் திண்ணையில் இருந்த சிவப்புத் தரை எண்பது ஆண்டுகளாகியும் முகம் பார்க்கலாம் போல இருந்தது. அதே சிவப்பில் என் வீட்டு வெளிமுற்றத்தைப் போட ஆசை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனம் நிறைந்தது. அந்தச் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு. மண்ணில் இருக்கும் காவியின் நிறமும் அதனுடையதுதான். வெயிலுக்கு வெளுக்காது, சுண்ணாம்புக்கும் மாறாது. இப்போது கடையில் கிடைக்கும் சில மலிவான பொடிகளில் சாயம் கலந்திருக்கும். வாங்கும் முன், சிமென்டில் கலந்து ஒரு சிறு பலகை போல வார்த்து, பாதியை அட்டையால் மூடி ஒரு மாதம் மொட்டைமாடி வெயிலில் வைத்துப் பாருங்கள். அட்டையை எடுத்ததும் இரண்டு பாதியும் ஒரே நிறமாக இருந்தால் நம்பி வாங்கலாம்.

ஆனால் திண்ணை வேறு, திறந்த முற்றம் வேறு. திண்ணைக்கு மேலே தாழ்வாரம் உண்டு. மழையும் உச்சி வெயிலும் அதன் மேல் நேராக விழுவதில்லை. கரணையால் மணிக்கணக்கில் அழுத்தித் தேய்த்து, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பிறகு ஆண்டுக்கணக்கில் மனிதர்கள் உட்கார்ந்தும் படுத்தும் துடைத்தும் வந்த மெருகு அது. அதே மெருகைத் திறந்தவெளியில் கொண்டுவந்தால் முதல் தூறலிலேயே வழுக்கும். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கி மயிரிழை வெடிப்புகளும் வரும். எனவே முற்றத்துக்கு அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மெருகை விட்டுவிடுங்கள். மேல் இரண்டு அங்குலக் கலவையில் சிவப்பு ஆக்ஸைடைக் கலந்து, மணியாசுக் கட்டையால் சற்றே சொரசொரப்பாக முடியுங்கள். 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. சிமென்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறம் கூடாது, பலம்தான் குறையும். ஒவ்வொரு கலவைக்கும் பொடியைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், தண்ணீரையும் மூட்டைக்கு 25 லிட்டர் என்று அளந்தே ஊற்றுங்கள். தண்ணீர் கூடிய கலவை வெளிறிப்போகும். பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டு சிவப்பாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவில் கூரைக்கு அடியில் ஒரு திண்ணை கட்ட இடமிருந்தால், தாத்தா வீட்டு மெருகை அங்கே கொண்டுவரலாம். அந்தக் கரணை வேலை தெரிந்த வயதான கொத்தனார்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள். ஓர் இளம் கொத்தனாரையும் கூட நிற்க வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: இந்த வேலையை எந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்? வீட்டைச் சுற்றி ஒரு பிடி மண் தெரியாமல் முழுவதும் போட்டுவிட எண்ணம்.

தை நடுவிலிருந்து மாசி முடிய உள்ள நாட்கள் சிறந்தவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சம்பா அறுவடை நடக்கும் ஊர்களில் ஆள் கிடைப்பது மட்டும் சற்றுச் சிரமம். சித்திரை, வைகாசியில் போட்டே ஆக வேண்டுமென்றால் விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் கொட்டி முடியுங்கள். ஆடிக் காற்றில் வண்ணப் பொடியைத் தூவவே முடியாது, பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நீராற்றுவது பத்து நாளுக்குக் குறையக் கூடாது. இன்று நாம் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட்) போன்ற கலப்புச் சிமென்டுக்கு 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றே தர விதியும் சொல்கிறது. வண்ணத் தளத்தின் மேல் சணல் சாக்கைப் போட்டு நனைத்தால் சாக்கின் கறை பதியும். பாலித்தீன் தாளின் மடிப்புகளும் கோடு கோடாகப் பதியும். தளம் முழுவதும் ஒரே சீராக நனைந்திருக்கும்படி தெளித்துக்கொண்டே இருப்பதுதான் வழி.

முழுவதும் மூடுவதைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரைத் தண்ணீரைக் குழிக்குள் விட்டுவிட்டு, முற்றத்தில் விழும் மழையை முழுவதும் தெருவில் தள்ளுவது பொருத்தமாக இல்லை. வடகிழக்குப் பருவமழையில் தெருவே குளமாக நிற்கும் ஊரில், நீங்கள் தள்ளும் தண்ணீர் சற்று நேரத்தில் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். வண்டி நிற்கும் இடத்துக்கும் நடக்கும் வழிக்கும் கான்கிரீட் போடுங்கள். மதில் ஓரம் இரண்டடியை மண்ணாக விட்டுச் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வையுங்கள். நடுவில் மீதமுள்ள இடத்துக்கு, ஓட்டைகளில் புல் முளைக்கும் கான்கிரீட் கற்களைப் பதிக்கலாம். தளத்தின் வாட்டத்தை வீட்டுக்கு எதிர்த்திசையில், அந்த மண் பட்டையை நோக்கி வைத்துவிட்டால், பெய்யும் மழையில் ஒரு பகுதியாவது உங்கள் கிணற்றுக்கே போய்ச் சேரும்.